அமெரிக்கக் கல்லூரி வாசல் – ஒரு வரலாற்றுக் கணக்கு

நம் சங்கத்து விழாக்களில் பந்தியில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. “பையனுக்கு எங்கே கிடைச்சிருக்கு?” முன்பெல்லாம் இதற்குக் கிண்டி, வேலூர், கரக்பூர் என்று பதில் வரும். இப்போது மிச்சிகன், பர்டியூ, டெக்சஸ் என்று வருகிறது. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த வருஷம் சீனாவையும் முந்தி முதல் இடம் நமக்குத்தான். அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

பேச்சு முடியும்போது யாராவது ஒரு பெரியவர் மோரைக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார். “அங்கே சிபாரிசு கிடையாது, டொனேஷன் கிடையாது. முழுக்க முழுக்கத் திறமைதான். காலேஜுக்கும் காலேஜுக்கும் போட்டி இருக்கிறதாலதான் அவன் அப்படி இருக்கான்.” நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைப் பொறுப்பு கொஞ்சம் குறைந்த பிறகு, அமெரிக்கக் கல்லூரிகளின் வரலாற்றை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தொகையைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பெரியவர் சொன்னபடி வரவில்லை. போட்டி இருந்தது நிஜம். ஆனால் அந்தப் போட்டியில் இறங்கியவர்கள் ஒரே முதலோடு இறங்கவில்லை. வாசல் அகலமான நாட்களைத் தேடிப் பார்த்தால், போட்டியால் அகலமானதாக ஒரு நாளும் கிடைக்கவில்லை. பொதுப் பணம் வந்து நின்ற நாட்களில்தான் அகலமாகியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கதை நம் சென்னைக் கோட்டையிலிருந்தே தொடங்குகிறது. எலிஹு யேல் என்பவர் 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1687இல் கவர்னரானார். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1680இல் பதிவான முதல் கல்யாணம் அவருடையது. குழந்தையாகவே இறந்துபோன அவர் மகன் டேவிட்டின் சமாதி, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் எழுப்பப்பட்டது. பதவியில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் செய்து செல்வம் குவித்தார் என்ற புகாரில் 1692இல் பதவி போயிற்று. பணம் போகவில்லை. அவர் அதிகாரத்தில் இருந்த காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றும் தொழிலும் நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் 1701இல் தொடங்கிய ஒரு சின்னக் கல்லூரி, கட்டடம் முடிக்கப் பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. காட்டன் மேதர் என்ற பாதிரியார், அப்போது லண்டனுக்குத் திரும்பியிருந்த யேலுக்கு ஒரு கடிதம் போட்டார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது பிள்ளைகளால் நிலைக்கும் பெயரைவிட, எகிப்துப் பிரமிடைவிட மேலாக நிற்கும் என்ற அர்த்தத்தில் எழுதினார். நன்கொடை கேட்கும் கலையில் அவர் கைகாரர்! யேல் 1718இல் அனுப்பியது 9 மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. மூட்டைகளைப் பிரித்து விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது.

நாற்பது வருஷம் துணி பேல் பிரித்துக் கணக்கு எழுதியவன் என்பதால் அந்த மூட்டைகளுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தேன். மஸ்லின், காலிகோ, பாப்லின், கறுப்பு வெள்ளைப் பட்டு கிரேப் என்று பட்டியல் இருக்கிறது. எல்லாம் நம் ஊர்ச் சரக்கு என்று சொல்ல முடியாது, ஐரோப்பியத் துணியும் கலந்திருந்தது. ஆனால் அதை வாங்கிய பணம் சோழமண்டலக் கரையில் சேர்ந்தது. 562 பவுண்டு கொடுத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிற பெயர்ப்பலகை வாங்கிய வியாபாரி உலகத்தில் இன்னொருவர் இருப்பாரா என்று தெரியவில்லை. தன் ஆரம்ப காலத் தலைவர்களுக்கும் கொடையாளர்களுக்கும் அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அந்தக் காலத்துக் கல்லூரியில் உள்ளே போனவர்கள் யார்? ஹார்வர்டிலும் யேலிலும் 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மாணவர் பெயர்ப் பட்டியல் அகர வரிசைப்படியும் இல்லை, மதிப்பெண் வரிசைப்படியும் இல்லை. தகப்பனாரின் அந்தஸ்துப்படி எழுதப்பட்டது. கவர்னர் வீட்டுப் பிள்ளை மேலே, குடியானவர் வீட்டுப் பிள்ளை கீழே. உட்காருவதும் நடப்பதும் அந்த வரிசையில்தான். 1760களின் கடைசியிலும் 1770களின் தொடக்கத்திலுமாகத்தான் இரண்டு இடத்திலும் இந்த வழக்கம் ஒழிந்தது. நம் நாட்டில்தான் பந்தியில் வரிசை பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே மூலநிதி என்ற சமாசாரத்தை விளக்கிவிட வேண்டும். நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பார்கள். 90 ஆடு, 96 ஆடு என்று எண்ணிக்கை இருக்கும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயர். கிழடு போனால் குட்டி வந்து கணக்கைச் சரிக்கட்டும், எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது. அமெரிக்கக் கல்லூரியின் மூலநிதியும் இதே ஏற்பாடுதான். முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய்வார்கள். நம் விளக்குக்கான ஆடு 96இல் நின்றது. அங்கே குட்டிகள் பெருகிக்கொண்டே போயின. 1638இல் ஜான் ஹார்வர்ட் இறக்கும்போது தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் விட்டுப் போனார். 2024 ஜூன் கணக்குப்படி அந்தக் கல்லூரியின் மூலநிதி 5,300 கோடி டாலருக்கு மேல். இடையில் வந்த பணத்தில் எல்லா நிறமும் உண்டு. ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காப்பாற்ற 1838இல் அதை நடத்திய பாதிரிமார் சபை 272 அடிமைகளை விற்றது. குழந்தைகளும் அதில் அடக்கம். கூட்டு வட்டி கணக்கில் 1838இல் போட்ட ஒரு டாலர் இன்றைக்கு என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த முதல் இல்லாதவன் இன்றைக்குக் கடை திறந்து அவர்களோடு போட்டி போடு என்றால் என்ன செய்வான்?

வாசல் முதல் தடவையாக அகலமானது 1862இல். உள்நாட்டுப் போர் நடுவில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தது. விற்ற பணத்தில் விவசாயமும் எந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி நடத்த வேண்டும். நம் பிள்ளைகள் போகும் பர்டியூ, இல்லினாய், விஸ்கான்சின் எல்லாம் இந்த நிலத்தில் வளர்ந்தவை. குடியானவர் மகன் கல்லூரி போனான். நிலம் மட்டும் சும்மா வந்ததல்ல. 2020இல் வெளியான ஒரு பத்திரிகை ஆய்வு பழைய பத்திரங்களைப் புரட்டி, ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் ஏக்கர் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டது. ஒப்பந்தம் என்ற பேரில் கொஞ்சம், ஒன்றும் கொடுக்காமல் கொஞ்சம்.

இதில் ஒரு வியாபாரக் கதை உண்டு. பல மாநிலங்கள் அவசரப்பட்டு நில உரிமைச் சீட்டை ஏக்கர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தள்ளிவிட்டன. நியூயார்க் மாநிலத்துக்குக் கிடைத்தது சுமார் 10 லட்சம் ஏக்கர். தந்தி வியாபாரத்தில் சம்பாதித்த எஸ்ரா கார்னெல் அந்தச் சீட்டில் பெரும்பகுதியை வாங்கி, விஸ்கான்சினில் பைன் மரக் காடாகப் பார்த்துப் பிடித்துப் போட்டு, விலை ஏறும்வரை காத்திருந்தார். லாபம் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு. ஒரே சட்டம், ஒரே சீட்டு. பொறுத்திருக்க முடிந்தவனுக்கு ஒரு பலன், அவசரத்தில் விற்றவனுக்கு ஒரு பலன்.

1890இல் இரண்டாவது சட்டம் வந்தது. கறுப்பின மாணவரைச் சேருங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வையுங்கள் என்றது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியையே வைத்தன. பணத்தைக் கிள்ளித்தான் கொடுத்தன. ஹெமன் ஸ்வெட் என்ற தபால்காரர் 1946இல் டெக்சஸ் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, அவரைச் சேர்ப்பதற்குப் பதில் அவருக்காகத் தனியாக ஒரு சட்டக் கல்லூரியே திறந்தார்கள். 1950இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். 1962இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேரப் பட்டாளம் வர வேண்டியிருந்தது. கலவரத்தில் இரண்டு உயிர் போயிற்று.

இனி ஹார்வர்ட் கதைக்கு வருகிறேன். ‘திறமை’ என்ற சொல்லை யார் எப்படி எடை போட்டார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சேருவது ஒருவகையில் சுலபம். நுழைவுப் பரீட்சை தேறினால் போதும், ஃபீஸ் கட்ட முடிந்தால் சேரலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பரீட்சையை நன்றாக எழுதினார்கள். 1900இல் புது மாணவரில் நூற்றுக்கு 7 பேர் யூதர். 1922இல் 21 பேருக்கு மேல். தலைவர் அபட் லாரன்ஸ் லோவெல் கவலைப்பட்டார். அவர் பாஸ்டனின் பழைய பணக்காரக் குடும்பம். யூதர் இத்தனை பேர்தான் என்று வெளிப்படையாக வரம்பு கட்டலாம் என்று 1922இல் யோசனை சொன்னார். பத்திரிகைகளில் விஷயம் வெடித்தது, பேராசிரியர் குழு மறுத்துவிட்டது.

முன்வாசலில் முடியாததை அவர் விண்ணப்பப் படிவத்தில் செய்தார். தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? பிறந்த பிறகு உன் பெயரோ தகப்பனார் பெயரோ மாற்றப்பட்டதா? மதம் என்ன? புகைப்படம் ஒட்டு. நேரில் வந்து பேசு. 1926இல் முதல் வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஓர் எண்ணிக்கை வைத்தார்கள், ஆயிரம். எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டால் பிறகு தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும்? படிப்பு மட்டும் போதாது, ‘குணநலன்’ வேண்டும், விளையாட வேண்டும், தலைமைப் பண்பு வேண்டும், நாட்டின் பல பகுதியிலிருந்தும் வர வேண்டும் என்றார்கள். பழைய மாணவர் பிள்ளைக்கு முன்னுரிமை என்பதும் இதே பத்தாண்டில்தான் வலுப்பெற்றது. 1925இல் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இருந்த யூத மாணவர் விகிதம் 1930களில் பாதியளவுக்கு இறங்கிற்று. எங்கும் ‘கோட்டா’ என்ற சொல் எழுதப்படவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கட்டுரை எழுதுகிறார்கள், வயலின் வாசித்ததையும் ஏரி சுத்தம் செய்ததையும் பட்டியல் போடுகிறார்கள். பெற்றோர்கள் அதற்காக ஆலோசகரிடம் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். இந்த ஏற்பாடு ஏன் பிறந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இன்று அதனால் நன்மையும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த ஜாதகம் இதுதான். ஹார்வர்டின் மேல் 2014இல் போடப்பட்ட வழக்கிலும் இதே வாசனை அடித்தது. ஆசிய வம்சாவளி மாணவர்களுக்குப் படிப்பில் நல்ல மதிப்பெண், ‘ஆளுமை’ மதிப்பெண்ணில் மட்டும் குறைவு என்பது குற்றச்சாட்டு. கீழ்க் கோர்ட்டுகள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக இல்லை என்றன. 2023 ஜூன் 29இல் சுப்ரீம் கோர்ட், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதே கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வழக்குக்காகத் திறக்கப்பட்ட பதிவேடுகளில் இன்னொன்று தெரிந்தது. ஹார்வர்டில் இடம் கிடைத்த வெள்ளையரில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் விளையாட்டு வீரர், பழைய மாணவர் பிள்ளை, ஊழியர் பிள்ளை, பெருங்கொடையாளர் போன்றவரோடு சம்பந்தப்பட்டவர் என்ற வகையில் வந்தவர்கள். இந்த வரிசையைக் கோர்ட் தொடவில்லை.

சரி, பொதுப் பரீட்சை வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? எஸ்.ஏ.டி. பரீட்சை 1926இல் வந்தது. அதை வடிவமைத்த கார்ல் பிரிகம், மூன்று வருஷம் முன்பு எழுதிய புத்தகத்தில் இனத்துக்கு இனம் புத்தி வேறு என்று பரீட்சைகளைக் காட்டி வாதிட்டவர். 1930இல் தன் முடிவு தப்பு என்று அவரே எழுதினார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். லோவெலுக்குப் பின் வந்த ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், 1934இல் அந்தப் பரீட்சையை வைத்துத் தூரத்து ஊர்களின் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி உதவித்தொகை கொடுத்தார். நல்ல நோக்கம். ஆனால் 1938இல் புரூக்ளினில் ஸ்டான்லி கேப்லன் என்ற இளைஞர் வீட்டு நிலவறையில் ட்யூஷன் தொடங்கி, 1946 முதல் இந்தப் பரீட்சைக்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியால் மாறாது என்று பரீட்சைக்காரர்கள் சொன்ன மதிப்பெண்ணைப் பயிற்சியால் ஏற்றினார். ராஜஸ்தானத்துக் கோட்டா நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (அந்தக் கோட்டாவுக்கும் மேலே சொன்ன கோட்டாவுக்கும் சம்பந்தமில்லை!) அந்த நிலவறைக் கடையை 1984இல் வாஷிங்டன் போஸ்ட் கம்பெனியே விலைக்கு வாங்கிற்று.

இரண்டாவது தடவை வாசல் அகலமானது 1944இல். போரிலிருந்து திரும்பும் சிப்பாய்க்கு வருஷம் 500 டாலர்வரை ஃபீஸ், மாதம் 50 டாலர் கைச்செலவுக்கு, அரசாங்கம் தரும் என்று சட்டம். அன்றைக்கு 500 டாலரில் எந்தப் பெரிய கல்லூரியிலும் படிக்கலாம். 22 லட்சம் பேர் கல்லூரி போனார்கள். 1947இல் கல்லூரி மாணவரில் பாதிப்பேர் இவர்கள். வேடிக்கை என்னவென்றால் திறமைக்காகப் பாடுபட்ட கோனன்டே இதை விரும்பவில்லை. தகுதி குறைந்தவர்கள் வெள்ளம்போல் வந்துவிடுவார்கள் என்றார். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கல்லூரிகள் நாடோடிகள் தங்கும் சத்திரமாகிவிடும் என்று எழுதினார். வந்த சிப்பாய்களோ குழந்தை குட்டியோடு தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு மற்றவரைவிட நன்றாகப் படித்தார்கள். கோனன்ட் பிற்பாடு தான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். கறுப்பினச் சிப்பாய்களுக்குத்தான் இது முழுதாகக் கிடைக்கவில்லை. அவர்களும் அதே போரில் நின்றவர்கள். தெற்கில் வெள்ளையர் கல்லூரி கதவைத் திறக்கவில்லை, கறுப்பினக் கல்லூரிகளில் இடமில்லை.

இதோடு நியூயார்க் சிட்டி காலேஜைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1847இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்படுத்திய இலவசக் கல்லூரி அது. ஃபீஸ் கிடையாது. ஹார்வர்ட் வடிகட்டித் தள்ளிய தையற்காரர், தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே படித்தார்கள். போலியோ தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் இங்கே படித்தவர். 1970இல், பள்ளிப் படிப்பு முடித்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று திறந்தார்கள். கறுப்பின, லத்தீன் மாணவர் நிறையப் பேர் வந்தார்கள். 1975இல் நகரம் திவாலாகும் நிலைமை. 1976இல் ஃபீஸ் வந்துவிட்டது. 129 வருஷம் நடந்த அன்னசத்திரம், ஏழையிலும் ஏழை வந்து உட்கார்ந்த ஆறாம் வருஷம் சாப்பாட்டுக்கு விலை வைத்தது.

இந்த 1970களைத்தான் நான் திருப்பமாகப் பார்க்கிறேன். 1972இல் ஏழை மாணவருக்கு மத்திய அரசு உதவித்தொகை வந்தது. பிற்பாடு அதை ஆதரித்த செனட்டர் பெல் பெயரால் அழைக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டில் அது அரசுக் கல்லூரி செலவில் முக்கால் பங்கைத் தாங்கிற்று. 2024-25இல் அதன் உச்ச அளவு 7,395 டாலர். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மாநிலங்கள் கையை இழுத்துக்கொண்டன, ஃபீஸ் ஏறிற்று, இடைவெளியைக் கடன் நிரப்பிற்று. இன்று அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் மத்திய அரசிடம் பட்டிருக்கும் கல்விக் கடன் சுமார் 1.6 லட்சம் கோடி டாலர். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2023இல் கோர்ட் ரத்து செய்தது.

பொதுப் பணம் பின்வாங்கிய இடத்துக்குப் போட்டி வந்தது. 1983இல் யு.எஸ். நியூஸ் பத்திரிகை கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலை முதலில் வெளியிட்டது. பணம் அதிகம் செலவழித்தால் புள்ளி, நிறையப் பேரை நிராகரித்தால் வெகுகாலம் அதற்கும் புள்ளி. விசித்திரமான வியாபாரம்! வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புவதில் பெருமைப்படும் கடையை நான் பார்த்ததில்லை. கிராக்கியைப் பெருக்க ஊர் ஊராக விளம்பரம் செய்து, பிறகு நூற்றுக்கு 96 பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள். மூலநிதி ஆயிரம் மடங்கு பெருகியும் இடங்கள் அந்த அளவில் பெருகவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, அங்கேயே வேலை பார்க்கும் மைக்கேல் தாடியஸ் என்ற கணிதப் பேராசிரியர் கொடுக்கப்பட்ட விவரங்கள் சரியில்லை என்று 2022இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வருஷமே இடம் 18க்கு இறங்கிற்று.

போட்டி என்றார்களே, அதிலும் ஒரு கூத்து. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பழைய கல்லூரிகளும் எம்.ஐ.டி.யும் வருஷா வருஷம் கூடி உட்கார்ந்து, எந்த மாணவருக்கு எவ்வளவு உதவி என்று ஒரே மாதிரி பேசி வைத்துக்கொண்டதாக 1991இல் அரசாங்கமே வழக்குப் போட்டது. எட்டும் நிறுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுத்தன. ஏழைக்கு உதவும் பணம் சிதறாமல் இருக்கத்தான் செய்தோம் என்றார்கள். அதில் உண்மையும் இருக்கலாம். மண்டியில் நாலு வியாபாரி கூடி விலை பேசினால் அதற்கு வேறு பெயர்.

2019இல் வெளிவந்த மோசடியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், முன்வாசல் படிப்பவனுக்கு, பின்வாசல் கட்டடம் கட்டிக்கொடுப்பவனுக்கு, நான் திறப்பது பக்கவாசல் என்று பணக்காரப் பெற்றோரிடம் விளக்கினார். பரீட்சையை ஆள் வைத்து எழுதினார்கள், படகு ஓட்டாத பெண்ணைப் படகு வீராங்கனையாக்கினார்கள். அவருக்கு மூன்றரை வருஷம் சிறை. பக்கவாசலுக்குத் தண்டனை உண்டு, பின்வாசலுக்கு வரிச் சலுகை உண்டு! எங்கள் சமணத்தில் நான்கு தானம் சொல்வார்கள்: ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம். கல்விக்குக் கொடுப்பது சாஸ்திர தானம். கொடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பந்தி என்று எந்த நூலிலும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக ராஜ் செட்டியின் கணக்கு. தில்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒன்பது வயதில் அமெரிக்கா போய் ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியரானவர். வருமான வரிப் பதிவேடுகளைக் கல்லூரிப் பதிவேடுகளோடு சேர்த்து அவரும் கூட்டாளிகளும் 2017இல் போட்ட கணக்கில், 38 கல்லூரிகளில் நாட்டின் உச்சியில் இருக்கும் நூற்றில் ஒரு பங்குக் குடும்பத்துப் பிள்ளைகள், கீழே இருக்கும் நூற்றில் 60 பங்குக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட எண்ணிக்கையில் அதிகம். யேல், பிரின்ஸ்டன், பிரவுன் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படியானால் பணக்காரப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதால்தானே என்று கேட்கலாம். 2023இல் அதற்கும் கணக்கு வந்தது. ஒரே பரீட்சை மதிப்பெண் எடுத்தவர்களுக்குள்ளே பார்த்தாலும், உச்சி நூற்றில் ஒரு பங்குப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவரைவிட 34 சதவீதம் கூடுதல். ஆயிரத்தில் ஒரு பங்குப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். உள்ளே போய்விட்ட ஏழைப் பிள்ளைக்கு ஹார்வர்ட் மாதிரி மலிவான கல்லூரி கிடையாது. வருஷ வருமானம் 1 லட்சம் டாலருக்குள் என்றால் சாப்பாடு, தங்குமிடம் உட்பட இலவசம் என்று 2025இல் அறிவித்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பழைய மாணவர் பிள்ளைச் சலுகையை 2014இல் அடியோடு நிறுத்திற்று. அங்கே 2009இல் புது மாணவரில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அந்தச் சலுகைக்காரர்கள், பெல் உதவித்தொகை பெறும் ஏழைகள் 9 பேர். 2019இல் சலுகைக்காரர் மூன்றரை, ஏழைகள் 19. பத்தே வருஷத்தில் தராசு புரண்டது. கல்லூரியின் பெயர் கெடவில்லை. கலிஃபோர்னியா தனியார் கல்லூரிகளிலும் இந்தச் சலுகை கூடாது என்று 2024இல் சட்டம் போட்டது.

நம் குடும்பங்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவரைப் பணம் கேட்காமல் எடைபோடும் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணலாம். 2008 நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசுகள் மானியத்தை வெட்டியபோது, பல அரசுப் பல்கலைக்கழகங்கள் கூடுதல் ஃபீஸ் கட்டும் வெளி மாநில, வெளிநாட்டு மாணவரை வைத்துப் பள்ளத்தை நிரப்பின. எனக்குத் தெரிந்த ஒருவர் மகளின் எம்.எஸ். படிப்புக்காகத் தாம் இருக்கும் ஃப்ளாட்டையே பாங்கில் வைத்திருக்கிறார். இடம் கிடைத்தது திறமைக்குப் பரிசு என்றுதான் அவர் எல்லோரிடமும் சொன்னார். பெண் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் பாதி பரிசு, பாதி விலைப்பட்டியல். இது தெரிந்திருந்தால், பட்டியலில் இருபது இடம் மேலே இருக்கிறது என்பதற்காக இரண்டு மடங்கு ஃபீஸ் உள்ள கல்லூரியை அவர் எடுத்திருக்க மாட்டார். அவரே சொன்னார்.

ராஜ் செட்டி கணக்கில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வரி இருக்கிறது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படித்து, நடுத்தர வாழ்க்கைக்கோ அதற்கு மேலோ ஏறியவர்கள் எந்தக் கல்லூரியிலிருந்து அதிகம் வந்தார்கள் என்று பார்த்தார்கள். எட்டு ஐவி கல்லூரிகள், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட், சிகாகோ, டியூக் எல்லாம் சேர்ந்து ஏற்றிவிட்டவர்களைப்போல ஏறக்குறைய ஆறு மடங்குப் பேரை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றே ஏற்றிவிட்டிருக்கிறது. 1847இல் ஊரார் ஓட்டுப் போட்டு வைத்த அந்த இலவசக் கல்லூரியின் வாரிசு அது. நம் பந்திப் பேச்சில் அதன் பெயரை இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.